டெலிகாம் ரேக்கில் பேனல் மாட்டுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுவிட்ச் அறையிலோ டவருக்கு அடியில் இருக்கும் ஷெல்டரிலோ நிற்கிற ரேக் என்ற இரும்புச் சட்டத்தில், கேபிள்கள் வந்து முடியும் பேட்ச் பேனல், ஃபியூஸ் பேனல், ஃபைபர் பேனல் என்று ஒவ்வொன்றாக மாட்டுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். ஸ்க்ரூ முடுக்கத் தெரிந்தால் போதும் என்று தோன்றும் வேலைதான். ஆனால் தகராறு பெரும்பாலும் ஸ்க்ரூவைக் கையில் எடுப்பதற்கு முன்பே, எந்த ஓட்டையில் போடுவது என்று முடிவெடுக்கும் இடத்திலேயே ஆரம்பித்துவிடும். அதனால் அந்தப் பகுதிக்குக் கொஞ்சம் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

என் ரேக் 19 அங்குலமா 23 அங்குலமா, எப்படிக் கண்டுபிடிப்பது?

டேப்பை எடுத்து, இடது தூணில் ஓர் ஓட்டையின் நடுவிலிருந்து வலது தூணில் அதே வரிசை ஓட்டையின் நடு வரை அளங்கள். 465 மி.மீ. அருகில் வந்தால் 19 அங்குலம். 567 அருகில் வந்தால் 23 அங்குலம், பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளின் வழிவந்த அகல ரேக். 515 அருகில் வந்தால் ஐரோப்பிய டெலிகாம் தரமான எட்சி வகை, அதற்கான பேனலின் அகலம் 535 மி.மீ.

இதில் ஒரு குழப்பம் வரும். 19 அங்குலம், அதாவது 482.6 மி.மீ., என்பது பேனலின் முகப்பு அகலம், ஸ்க்ரூ போடுவதற்காக இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் காதுகளையும் சேர்த்து. இரண்டு தூண்களுக்கு நடுவே இருக்கும் திறப்பு அவ்வளவு இருக்காது, 450 மி.மீ. சுற்றித்தான் இருக்கும். திறப்பை அளந்துவிட்டு "இது 19 இல்லையே, ரேக் மாறி வந்துவிட்டதோ" என்று போன் போடுகிறவர்கள் உண்டு. 23 அங்குலத்துக்கும் இதே கதைதான்: பேனல் 584.2 மி.மீ., திறப்பு அதைவிடக் குறைவு.

ஒரு யூ என்றால் எவ்வளவு? ஓட்டைகள் ஏன் சம இடைவெளியில் இல்லை?

ஒரு யூ 44.45 மி.மீ., அதாவது ஒன்றே முக்கால் அங்குலம். 42 யூ ரேக் என்றால் பேனல் மாட்டும் உயரம் 1867 மி.மீ. வரும். இந்த அளவெல்லாம் இஐஏ-310, ஐஇசி 60297 ஆகிய தரங்களில் உள்ளவை, அதனால் எந்தத் தயாரிப்பாளரின் பேனலும் எந்தத் தயாரிப்பாளரின் ரேக்கிலும் பொருந்த வேண்டும்.

இப்போது ஓட்டைக்கு வருவோம். ஒரு யூவுக்குள் மூன்று ஓட்டைகள். அவற்றுக்கு நடுவே 15.875 மி.மீ., மறுபடி 15.875 மி.மீ., அடுத்த யூவின் முதல் ஓட்டைக்குப் போக 12.7 மி.மீ. தூணைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்த்தால், இரண்டு ஓட்டைகள் மட்டும் கொஞ்சம் நெருக்கமாக இருப்பது தெரியும். அந்த நெருங்கிய ஜோடிக்கு நடுவில்தான் யூவின் எல்லை போகிறது. பேனலின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் அந்த இடத்தில்தான் வந்து நிற்க வேண்டும். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் ரேக் வேலையில் பாதிச் சிக்கல் வராது.

தெரியாவிட்டால் என்ன ஆகும்? ஒரு யூ பேனலின் காதில் உள்ள இரண்டு திறப்புகளுக்கு நடுவே 31.75 மி.மீ. இருக்கும், அது யூவின் முதல் ஓட்டைக்கும் மூன்றாவது ஓட்டைக்கும் சரியாகப் பொருந்தும். ஒரு ஓட்டை தள்ளிப் பிடித்தால், இரண்டாவது ஓட்டைக்கும் அடுத்த யூவின் முதல் ஓட்டைக்கும் நடுவே 28.6 மி.மீ.தான். ஒரு ஸ்க்ரூ ஏறும், மற்றது மூன்று மில்லிமீட்டர் இடிக்கும். காதின் திறப்பு கொஞ்சம் பெரிதாக இருந்தால் அதுவும் சாய்வாக ஏறிவிடும், மாட்டியவருக்கு எதுவும் தெரியாது. அதற்கு மேல் இன்னொரு பேனல், அதற்கு மேல் இன்னொன்று என்று ஒட்டி ஒட்டி வைத்துக்கொண்டே போய், ஐந்தாவதோ ஆறாவதோ பேனலில் வந்து "ஓட்டை சேரவில்லை" என்று நிற்பார்கள். தப்பு கீழே முதல் பேனலில் இருக்கும். மேலே இருக்கிற எல்லாவற்றையும் கழற்றாமல் சரி செய்ய வழி இல்லை.

அதனால், முதல் பேனலை வைப்பதற்கு முன் இரண்டு தூண்களிலும் அந்த நெருங்கிய ஜோடிகளுக்கு நடுவில் மார்க்கரால் கோடு போட்டுவிடுங்கள். யூ எண் அச்சிட்ட ரேக்காக இருந்தாலும் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், ஸ்டிக்கர் அரை யூ நகர்ந்து ஒட்டப்பட்டிருந்தால் அச்சிட்ட எண்ணே ஆளைக் கவிழ்த்துவிடும்.

எங்கள் ரேக்கில் யூவுக்கு இரண்டு ஓட்டைகள்தான் இருக்கின்றன. தரமில்லாத ரேக்கா?

இல்லை. 31.75, 12.7 என்று மாறி மாறி வரும் அமைப்பும் அதே தரத்தில் உள்ளதுதான், இரட்டைத் தூண் ரேக்குகளில் இதை நிறையப் பார்க்கலாம். நடு ஓட்டை மட்டும் இல்லை, அவ்வளவே. நடு ஓட்டையில் மாட்டும்படி செய்த சில கேபிள் மேனேஜர்களும் (கேபிள்களை ஒழுங்காகப் பிடித்துக்கொள்பவை) பிராக்கெட்டுகளும் மட்டும் இதில் தடுமாறும்.

ஆனால் எல்லா ஓட்டைகளும் ஒரே சீராக ஓர் அங்குல இடைவெளியில் இருந்தால் அது வேறு சாதி: அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் வழி வந்த பழைய டெலிபோன் அளவு, 23 அங்குல ரேக்குகளில் இன்னும் உண்டு. எட்சி ரேக்கில் இடைவெளி 25 மி.மீ. இந்த இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் வெறும் 0.4 மி.மீ. என்பதால் ஒரு சின்ன பேனலை மாட்டிப் பார்த்தால் சேர்ந்துவிடும், பத்து ஓட்டை உயரமுள்ள ஷெல்ஃபில் அதே வித்தியாசம் 4 மி.மீ. ஆகிவிடும். பெட்டியைத் திறப்பதற்கு முன்பே ரேக்கின் வகையையும் பேனலின் வகையையும் காகிதத்தில் ஒப்பிடுங்கள்.

எந்த ஸ்க்ரூ போடுவது? பெட்டியில் ஒன்று வந்திருக்கிறது, ரேக்கோடு வேறொன்று வந்திருக்கிறது.

ரேக்கோடு வந்ததுதான். மரை ரேக்கில் இருக்கிறது, பேனலின் காதில் இருப்பது வெறும் திறப்பு. எனவே ஸ்க்ரூவை முடிவு செய்வது ரேக்.

வழக்கத்தில் மூன்று வகை சுற்றிக்கொண்டிருக்கிறது. அமெரிக்க டெலிகாம் ரேக்குகளில் 12-24, அதாவது விட்டம் சுமார் 5.5 மி.மீ., அங்குலத்துக்கு 24 மரை. இன்னும் மெல்லியது 10-32, விட்டம் 4.8 மி.மீ. சுற்றி. சதுர ஓட்டையில் கேஜ் நட், அதாவது ஸ்பிரிங் தகட்டுக்குள் உட்கார்ந்த நட், போடும் ரேக்குகளில் பெரும்பாலும் எம்6, சில இடங்களில் எம்5. தொல்லை என்னவென்றால் 12-24-ன் மரை இடைவெளி 1.06 மி.மீ., எம்6-ன் மரை இடைவெளி 1 மி.மீ., இரண்டும் பார்க்க ஒரே மாதிரி. எம்6 நட்டுக்குள் 12-24 கொஞ்ச தூரம் ஓடும். பிடித்துவிட்டது என்று நினைத்து விட்டுவிடுவீர்கள், ஆனால் மரையின் நுனி மட்டும்தான் தொட்டுக்கொண்டிருக்கும், பாரம் ஏறினால் உருவிக்கொண்டு வரும். மாற்றிப் போட்டால், அதாவது 12-24 மரையில் எம்6-ஐ முடுக்கினால், ரேக்கின் மரையே போய்விடும்.

சோதனை எளிது: கருவி இல்லாமல் விரலால் மட்டும் திருகுங்கள். மூன்று நான்கு சுற்று ஆட்டமில்லாமல், முரண்டு பிடிக்காமல் போனால் சரியான ஸ்க்ரூ. முதல் சுற்றிலேயே திருப்புளி தேவைப்பட்டால் நிறுத்திவிடுங்கள். கருப்பு ஸ்க்ரூ, வெள்ளி ஸ்க்ரூ என்று நிறத்தை வைத்து அடையாளம் சொல்வதை நம்பாதீர்கள். நுனியில் மரையில்லாத சின்ன முனை உள்ள ரேக் ஸ்க்ரூ கிடைத்தால் அதை வாங்குங்கள், கோணலாக ஏறாமல் அந்த முனை வழிகாட்டும்.

பழைய ஸ்க்ரூக்களையெல்லாம் ஒரே டப்பாவில் கொட்டி வைக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. என்னைக் கேட்டால் அந்த டப்பாவைக் குப்பையில் போடுவதே மேல்.

கேஜ் நட்டை எப்படி மாட்டுவது? விரல் கிழிகிறது.

நட்டைத் தூணின் உள்பக்கத்திலிருந்து சதுர ஓட்டைக்குள் விட வேண்டும், வெளியிலிருந்து இல்லை. சதுரம் பொதுவாக 9.5 மி.மீ. நட்டைச் சுற்றியிருக்கும் ஸ்பிரிங் தகட்டில் இரண்டு சிறகுகள் இருக்கும். ஒரு சிறகை ஓட்டையின் பக்கவாட்டு விளிம்பில் கொளுவிவிட்டு, மற்றதை அழுத்தி உள்ளே தள்ள வேண்டும். சிறகுகள் இடம், வலமாக நிற்க வேண்டும், மேல், கீழாக அல்ல. மேல் கீழாகப் போட்டால் பேனலின் பாரம் நேராக ஸ்பிரிங் சிறகின் மேல் இறங்கி, நட் கழன்றுகொள்ள வழியாகிவிடும். ஸ்க்ரூவை அழுத்தும்போது நட் பின்பக்கமாக விழுந்து ரேக்கின் அடியில் எங்கோ காணாமல் போகிற கதைக்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

விரல் விஷயத்துக்கு, கேஜ் நட் போடுவதற்கென்றே கொக்கி மாதிரி ஒரு சின்னத் தகடு விற்கிறார்கள், சில ரேக்குகளோடு இலவசமாகவே வரும். கொக்கியை முன்பக்கத்திலிருந்து ஓட்டைக்குள் விட்டு, சிறகைப் பிடித்து உங்கள் பக்கம் இழுத்தால் டக்கென்று உட்கார்ந்துவிடும். அது இல்லாவிட்டால் தட்டைத் திருப்புளி. நகத்தை நம்ப வேண்டாம்.

ஒரு யூ பேனலுக்கு முதல் ஓட்டையிலும் மூன்றாவது ஓட்டையிலும் நட், பக்கத்துக்கு இரண்டு. இரண்டு யூ பேனலில் காதுத் திறப்புகளுக்கு நடுவே 76.2 மி.மீ. இருந்தால் கீழ் யூவின் முதல் ஓட்டையும் மேல் யூவின் கடைசி ஓட்டையும். எல்லா நட்டுகளையும் முதலில் போட்டுவிட்டு அப்புறம் பேனலைத் தூக்குங்கள், ஒரு கையில் பேனலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் நட் போடுவது சர்க்கஸ்.

எது மேலே, எது கீழே?

பொது விதி தெரிந்ததுதான்: பாரமானது கீழே. பேட்டரி, ஏசியை டிசி ஆக்கும் ரெக்டிஃபையர் ஷெல்ஃப், பெரிய சேசிஸ் எல்லாம் அடியில் போனால் ரேக் தலைகனக்காது. முதலில் கீழிருந்து மாட்டிக்கொண்டு வருவதும் அதனால்தான். தரையில் இன்னும் ஆங்கர் போல்ட் போட்டு இறுக்காத ரேக்கில் எதையுமே மாட்டக் கூடாது, "பாதி மாட்டிவிட்டு அப்புறம் போல்ட் போடலாம்" என்பது ஆளை நசுக்கும் யோசனை. இரட்டைத் தூண் ரேக்கை மேலே கேபிள்களைத் தாங்கிப் போகும் ஏணியான கேபிள் லேடரோடும் பிணைத்தால்தான் ஆட்டம் நிற்கும்.

பேனல்கள் லேசானவை, அதனால் அவற்றின் இடத்தை முடிவு செய்வது பாரம் இல்லை, கேபிள் வரும் திசை. கேபிள் மேலே லேடரில் வருகிறதென்றால் ஃபைபர் பேனலும் பேட்ச் பேனலும் மேலே. தரைக்கு அடியிலிருந்து வருகிறதென்றால் யோசனையை அப்படியே திருப்பிப் போடுங்கள். டெலிகாம் ரேக்கில் ஃபியூஸ் அல்லது பிரேக்கர் பேனலுக்கு உச்சி யூவை ஒதுக்குவது நெடுநாள் வழக்கம், பவர் கேபிள் லேடரிலிருந்து நேராக இறங்கிவிடும், மற்ற கேபிள்களைக் கடக்காது.

24 போர்ட் பேட்ச் பேனல் ஒரு யூ, 48 போர்ட் என்றால் வழக்கமாக இரண்டு யூ. ஒவ்வொரு 24 அல்லது 48 போர்ட்டுக்கும் ஒரு கேபிள் மேனேஜர் விடுங்கள். இடம் வீணாகிறதே என்று அதை வெட்டிவிடுகிறவர்கள் ஆறு மாதம் கழித்து, மேல் பேனலிலிருந்து தொங்கும் பேட்ச் கார்டுகளை விலக்கி விலக்கிக் கீழ்ப் பேனலின் போர்ட்டைத் தேடிக்கொண்டிருப்பார்கள். இதையெல்லாம் ரேக்குக்கு முன்னால் நின்று யோசிக்க வேண்டாம். 1 முதல் 42 வரை வரிசை எழுதிய ஒரு தாளில் போட்டுக்கொண்டு வாருங்கள்.

தனியாளாக ஒரு பேனலை எப்படித் தூக்கி மாட்டுவது?

ஒன்று இரண்டு யூ காலிப் பேனல் என்றால் தனியாளாகச் செய்யலாம், ஒரு தந்திரம் இருக்கிறது. காதுத் திறப்பு ஓரத்தில் வாய் திறந்த காடி மாதிரி இருக்கிறதா, சுற்றிலும் மூடிய நீள்வட்டமா என்று முதலில் பாருங்கள்.

காடி திறந்திருந்தால், கீழ் ஓட்டைகள் இரண்டிலும் ஸ்க்ரூவைப் பாதி முடுக்கித் தலை ஒரு சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்க விடுங்கள். பேனலைக் கொஞ்சம் சாய்த்து ஒரு பக்கக் காடியை முதலில் ஸ்க்ரூவில் நுழைத்து, மறுபக்கத்தையும் நுழைத்தால் பேனல் தானாக நிற்கும், இரண்டு கையும் காலி. மேல் ஸ்க்ரூக்களை விரலால் ஏற்றுங்கள். நான்கும் விரலால் ஏறிய பிறகுதான் திருப்புளி, அதுவும் மூலைவிட்டமாக, ஒரு பக்கம் மேல், மறுபக்கம் கீழ் என்று.

மூடிய திறப்பு என்றால் இந்த வித்தை பலிக்காது. பேனலுக்கு அடியில் ஏற்கெனவே ஒரு பேனல் இருந்தால் அதன் மேல் விளிம்பில் தாங்கலாம். இல்லாவிட்டால் ஒரு யூ கீழே இரண்டு பக்கமும் தற்காலிகமாக ஒரு ஸ்க்ரூ போட்டு அதன் மேல் உட்கார வைக்கலாம்.

கேபிளோடு வரும் ஃபைபர் பேனல், நான்கு யூவுக்கு மேற்பட்ட எதுவும், உள்ளே டிரான்ஸ்பார்மர் அல்லது ஹீட் சிங்க் உள்ள எதுவும் இரண்டு பேர் வேலை. ஒருவர் பிடிக்க ஒருவர் முடுக்க. வீராப்பு வேண்டாம்.

எவ்வளவு இறுக்க வேண்டும்? டிரில்லில் பிட் மாட்டி முடுக்கலாமா?

தயாரிப்பாளர் டார்க் அளவு (எவ்வளவு முறுக்கு விசையில் இறுக்குவது என்று) கொடுத்திருந்தால் அதுதான் கணக்கு. கொடுக்காதபோது, கையால் திருப்புளியில் இறுக்கி, ஸ்க்ரூ தலை காதில் உட்கார்ந்ததும் இன்னும் கால் சுற்று. பேனல் விளிம்பைப் பிடித்து ஆட்டினால் அசையக் கூடாது, அதற்கு மேல் இறுக்குவதில் லாபம் எதுவும் இல்லை, பெயிண்ட் விரிந்து காது வளையும், அவ்வளவுதான். பேட்டரி டிரைவர் பயன்படுத்தலாம், ஆனால் கிளட்சை மிகக் குறைந்த எண்ணில் வைத்து, கடைசிச் சுற்றைக் கையால். இம்பாக்ட் டிரைவர் கூடவே கூடாது.

மரை போய்விட்டால்? கேஜ் நட் ரேக்கில் நட்டை மாற்றினால் முடிந்தது. தூணிலேயே மரை வெட்டிய ரேக்கில் கொஞ்சம் பாடுதான். லேசான சேதமென்றால் மரை வெட்டும் கருவியான டேப்பை அதே அளவில் விட்டு மரையைச் சுத்தம் செய்யலாம். முழுதாகப் போயிருந்தால், பின்பக்கம் கை போகும் இடமென்றால் நீள போல்ட்டும் நட்டும், இல்லாவிட்டால் மரை இன்சர்ட். பக்கத்தில் உபகரணம் ஓடிக்கொண்டிருக்கும்போது டிரில் பண்ணி மரை வெட்டாதீர்கள், உலோகச் சீவல் ஒன்று ஃபேன் இழுத்துக் கார்டுக்குள் போனால் போதும். வேறு வழியே இல்லையென்றால் கீழே இருப்பதையெல்லாம் மூடி, பக்கத்திலேயே வேக்குவம் பிடித்துக்கொண்டு செய்யுங்கள்.

ஸ்க்ரூ போட்டாலே பேனலுக்கு எர்த் கிடைத்துவிடாதா?

பெரும்பாலும் கிடைக்காது. தூணிலும் பெயிண்ட், பேனலிலும் பெயிண்ட். இரண்டு பெயிண்டுக்கு நடுவே ஸ்க்ரூ தலை உட்கார்ந்திருப்பதை எர்த் என்று சொல்ல முடியாது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் சில சமயம் தொடர்பு காட்டும், எல்லாவற்றுக்கும் சரி என்று ஆகிவிடாது: மீட்டர் விடுவது மிகச் சின்ன மின்னோட்டம், இடி விழுந்தாலோ ஷார்ட் ஆனாலோ ஓடப்போவது வேறு கணக்கு.

செய்ய வேண்டியது இது. ரேக்கின் எர்த் பஸ்பாரிலிருந்து, அதாவது எர்த் கம்பிகள் வந்து சேரும் தாமிரப் பட்டையிலிருந்து, பேனலில் எர்த் குறி போட்ட இடத்துக்குத் தனிக் கம்பி. பேனலில் ஸ்டட் இல்லாவிட்டால், காது உட்காரும் இடத்தில் தூணின் பெயிண்டைச் சுரண்டி, பளிச்சென்று உலோகம் தெரியும்படி செய்து, துருப்பிடிக்காமல் இருக்கும் பேஸ்டைத் தடவி, பெயிண்டைக் கீறும் பல் வாஷரோடு முடுக்குங்கள். கம்பியின் நுனிக்கு கிரிம்ப் லக், பெரிய கம்பிகளுக்கு இரண்டு ஓட்டை லக், ஒற்றை ஓட்டை லக் நாளடைவில் சுழன்று தளர்ந்துவிடும். ரேக்கிலிருந்து அறையின் எர்த் பாருக்குப் போகும் கம்பி அமெரிக்கக் கம்பி அளவில் குறைந்தபட்சம் 6 ஏடபிள்யூஜி, மெட்ரிக்கில் 16 சதுர மி.மீ. தாமிரம் போடுவது வழக்கம். அதன் பாதை நேராக, வளைவு மெதுவாக இருக்கட்டும், சுருட்டி வைக்காதீர்கள்.

இங்கே அதிகம் நடக்கும் தவறு சங்கிலி போடுவது. முதல் பேனலிலிருந்து இரண்டாவதுக்கு, இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு என்று கம்பி இழுத்தால், நடுவில் ஒன்றைக் கழற்றும் நாளில் அதற்கு அப்பால் உள்ள அத்தனைக்கும் எர்த் போய்விடும். ரேக்குகளுக்கும் இதே விதி, ஒவ்வொன்றிலிருந்தும் அறை பாருக்குத் தனி வழி. ஷீல்டு கேபிள் இறங்கும் பேட்ச் பேனலுக்கு இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது, பேனலுக்கு எர்த் இல்லாவிட்டால் ஷீல்டு இருந்தும் பயனில்லை.

பவர் பேனல் மாட்டும்போது தனியாக என்ன கவனிக்க வேண்டும்?

டெலிகாம் பவர் பெரும்பாலும் மைனஸ் 48 வோல்ட் டிசி. பிளஸ் பக்கம் எர்த்தில் இருக்கும், மைனஸ்தான் சூடான கம்பி. மண்ணுக்குள் புதைந்த தாமிரக் கேபிள்கள் மின்பகுப்பால் அரிக்கப்படாமல் இருக்க அந்தக் காலத்தில் எடுத்த முடிவு, இன்றைக்கும் தொடர்கிறது. கார் பேட்டரி வயரிங் பழகியவர்கள் கை பழக்கத்தில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள், ஜாக்கிரதை. வயர் நிறம் நாட்டுக்கு நாடு, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், எனவே நிறத்தைப் பார்க்காமல் மீட்டரைப் பாருங்கள். பேட்டரி ஃப்ளோட்டில், அதாவது முழுதாக சார்ஜ் ஆகி அந்த நிலையிலேயே வைக்கப்பட்டு, இருக்கும்போது 54 வோல்ட் சுற்றிக் காட்டும், அது கோளாறு இல்லை.

48 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது என்று அலட்சியம் வரும். பயப்பட வேண்டியது பின்னால் இருக்கும் பேட்டரி கொடுக்கக் கூடிய மின்னோட்டத்துக்கு. மோதிரம், வாட்ச், கையில் உள்ள ஸ்பேனர் ஏதாவது ஒன்று இரண்டு முனைகளையும் தொட்டால் உருகிச் சிதறும். நகைகளைக் கழற்றிவிட்டு, இன்சுலேஷன் சுற்றிய கருவியோடு, ஃபியூஸ்களையெல்லாம் உருவிவிட்டுத்தான் பேனலைத் தூக்க வேண்டும். ஏ, பி என்று இரண்டு ஊட்டம் வந்தால், இரண்டும் உண்மையிலேயே வேறு வேறு மூலத்திலிருந்து வருகிறதா என்று பாருங்கள். ஒரே பிரேக்கரிலிருந்து கிளம்பி இரண்டு பெயரில் வருவதும் நடக்கிறது.

கேபிளை முதலில் முடித்துவிட்டுப் பேனலை மாட்டுவதா, மாட்டிய பிறகு முடிப்பதா?

காப்பர் பேட்ச் பேனலென்றால், மாட்டிய பிறகு முடிப்பதையே நான் விரும்புவேன், நீளம் பிசகாது. ஆனால் பின்பக்கம் சுவரை ஒட்டிய ரேக்கில் கை போகாது, அங்கே பேனலை முன்னால் இழுத்து வைத்து முடித்துவிட்டு, கேபிளைப் பின்னால் மடக்கிக்கொண்டே உள்ளே தள்ளுவதுதான் ஒரே வழி. அதற்காகவே பேனலை முன்பக்கம் இழுத்துவர வேண்டிய அளவுக்குக் கூடுதல் கேபிளைப் பின்னால் விட்டு வைக்க வேண்டும்.

நான்கு ஜோடி கேபிளை அதன் விட்டத்தைப் போல் நான்கு மடங்கு ஆரத்துக்கும் குறுகலாக வளைக்காதீர்கள், ஆறு மில்லிமீட்டர் கேபிளென்றால் சுமார் 25 மி.மீ. பஞ்ச்-டவுன் செய்யும்போது, அதாவது கம்பிகளைப் பேனலின் பின்பக்கப் பிளவுகளில் அழுத்திப் பொருத்தும்போது, ஜோடியின் முறுக்கை 13 மி.மீ.க்கு மேல் பிரிக்க வேண்டாம். கேபிள்களைப் பேனலின் பின்னால் உள்ள தாங்கு கம்பியில் வெல்க்ரோவால் கட்டுங்கள். பிளாஸ்டிக் டையை இடுக்கியால் இழுத்து இறுக்கினால் கேபிளின் இடுப்பு ஒடுங்கி, டெஸ்டில் ஃபெயில் காட்டும், காரணம் தெரியாமல் ஜாக்கை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

ஃபைபர் இன்னும் செல்லம். சாதாரண ஒற்றை மோட் பேட்ச் கார்டுக்கு 30 மி.மீ. ஆரம் கொடுங்கள், வளைவைத் தாங்கும் ஜி.657 வகை இதைவிடக் குறைவாகப் போகும், ஆனால் ரேக்கில் எது எந்த வகை என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. டிராயர் வகைப் பேனலென்றால் மாட்டியவுடன் முழுதாக இழுத்து மூடிப் பாருங்கள், பின்னால் எங்கே இடிக்கிறது, எந்த ஃபைபர் நசுங்குகிறது என்பது அப்போதுதான் தெரியும். கனெக்டர் முனையைக் கண்ணால் நேராகப் பார்க்காதீர்கள், அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது.

பேனலுக்கும் பேனலுக்கும் நடுவே ஒரு யூ காலியாக விடலாமா?

காற்று போகட்டும் என்று விடுகிறார்கள். பேட்ச் பேனலுக்குக் காற்று தேவையே இல்லை. முன்னால் குளிர்ந்த காற்று, பின்னால் சூடான காற்று என்று அமைந்த ரேக்கில் காலி யூ வழியாகச் சூடான காற்று முன்பக்கம் திரும்பி வந்து, உபகரணம் தன் சூட்டையே மறுபடி உறிஞ்சும். அங்கே வெற்றுப் பேனல் போட்டு மூடுங்கள். இரட்டைத் தூண் திறந்த ரேக்கில் இது அவ்வளவு முக்கியமில்லை.

ஒட்டி ஒட்டி மாட்டும்போது பேனல்கள் உரசினால், எங்கோ ஓட்டை பிசகு இருக்கிறது என்று அர்த்தம். சரியான பேனலின் உயரம் யூ அளவைவிட ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவே செய்யப்படுகிறது, ஒரு யூ பேனல் 43.7 மி.மீ.தான், அதனால் இரண்டுக்கும் நடுவே தலைமுடி இடைவெளி இருந்தே தீர வேண்டும்.

ஒரு பக்கம் ஓட்டை சேர்கிறது, மறுபக்கம் சேரவில்லை. சுத்தியால் தட்டலாமா?

தட்டாதீர்கள். இரண்டு பக்கமும் ஒரே யூ எண்ணில்தான் பிடித்திருக்கிறீர்களா என்று முதலில் எண்ணிப் பாருங்கள். சரியாக இருந்தால் சட்டம் கோணியிருக்கிறது. மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளந்தால் வித்தியாசம் தெரியும். தரை மட்டமில்லாமல் ஆங்கர் போல்ட்டை இறுக்கியதால் வருவதுதான் அநேகமாக. போல்ட்டைத் தளர்த்தி, அடியில் ஷிம் தகடு கொடுத்து, ரசமட்டம் வைத்து இரண்டு திசையிலும் பார்த்து, மறுபடி இறுக்குங்கள். தூணைக் கட்டாயப்படுத்தி வளைத்து ஒரு பேனலை மாட்டிவிட்டால் அடுத்த பேனல் மறுபடி அதையே கேட்கும்.

19 அங்குல பேனலை 23 அங்குல ரேக்கில் மாட்ட முடியுமா?

அடாப்டர் பிராக்கெட் போட்டு மாட்டலாம், நிறைய பேர் செய்கிறார்கள். ஓட்டை இடைவெளி ஓர் அங்குல வகையா யூ வகையா என்று பார்த்து வாங்குங்கள். 23 அங்குலத்தை 19-ல் மாட்ட வழியில்லை.

இரட்டைத் தூண் ரேக்கில் ஆழமான ஷெல்ஃப் பின்பக்கம் தொங்குகிறதே?

காது முன் முகத்தில் இருந்தால் பாரம் முழுவதும் பின்னால் இழுக்கும், நான்கு ஸ்க்ரூ அதைத் தாங்கிக்கொண்டிருக்கும். பெரும்பாலான டெலிகாம் ஷெல்ஃப்களில் காதைக் கழற்றி நடுவுக்கு நகர்த்தும் ஓட்டைகள் பக்கத்தில் இருக்கும். பாரம் தூணுக்கு முன்னும் பின்னும் சமமாக விழும்படி மாற்றிக்கொள்ளுங்கள். தட்டையான பேட்ச் பேனலுக்கு இந்தக் கவலை இல்லை.

லேபிள் எப்போது?

மாட்டிய அன்றே. யூ எண் கீழிருந்து மேலே போவதுதான் பரவலான வழக்கம், மேலிருந்து கீழே எண்ணிய ரேக்குகளும் இருக்கின்றன. முன்பக்கம் ஒட்டுவதையே பின்பக்கமும் ஒட்டுங்கள், பின்னால் நின்று வேலை செய்கிறவருக்கு இடம் வலம் மாறித் தெரியும்.

ஓடிக்கொண்டிருக்கும் ரேக்கிலிருந்து பழைய பேனலைக் கழற்ற வேண்டும். எப்படி?

முதலில் முன்னும் பின்னும் போட்டோ எடுங்கள். ஒவ்வொரு பேட்ச் கார்டும் எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள், நிறத்தை நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். கையில் ஆன்டி-ஸ்டேடிக் பட்டை, அதன் முனை ரேக்கின் எர்த்தில். அப்புறம் பேனலுக்குப் பின்னால் பக்கத்துப் பேனலின் கேபிள்கள் எதுவும் அதன் தாங்கு கம்பியில் கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அவற்றை முதலில் பிரித்து வேறு இடத்தில் கட்டுங்கள். மேல் ஸ்க்ரூக்களைக் கடைசியாகக் கழற்றும்போது ஒருவர் அடியில் கை கொடுத்திருக்க வேண்டும். எர்த் கம்பியை எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் அவிழ்ப்பது, புதியதை மாட்டும்போது அதை முதலில் இணைப்பது. காலியான யூவில் புதுப் பேனல் உடனே வரவில்லையென்றால் கேஜ் நட்டுகளை அங்கேயே விட்டு வைத்து, அவை எந்த மரை என்று ஒரு துண்டு டேப்பில் எழுதித் தூணில் ஒட்டிவிடுங்கள்.